இருக்கு அக்கா

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கிழக்கு பெர்லினில் வந்து இறங்கியபோது என்னிடம் இருந்தது ஒரு பிளாஸ்டிக் பையும் அதற்குள் ஈரம் காயாத ஒரு சேர்ட்டும். அங்கிருந்து தொடங்கி, வுப்பர்டால் நகரத்தில் முப்பத்தொரு பேருக்கு வேலை கொடுக்கிற துப்புரவுக் கம்பனி ஒன்றைக் கட்டினேன். நாலு ஜெர்மன் கம்பனிகள் கேட்டு நிற்க, நகரசபைக் கட்டிடங்களின் கண்ணாடி துடைக்கிற ஒப்பந்தத்தை வாங்கிக் காட்டினேன். இங்கத்தைய தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு வாடகை இல்லாமல் மண்டபம் எடுத்துக் கொடுத்தவன் நான். கெவலார் மாதா திருவிழாவுக்கு எங்கள் ஊரிலிருந்து முதன்முதல் பஸ் பிடித்தவனும் நான்தான். உங்களுக்கு எழுத வாசிக்கத் தெரியுமா என்று ஒரு வங்கிக்காரர் கேட்டார். தெரிந்தவர்கள் என்னிடம் வேலை செய்கிறார்கள் என்று சொன்னேன். கடன் கிடைத்தது. நெஞ்சுக்குள் குழாய் வைத்த பிறகும் ஏணியில் ஏறியிருக்கிறேன்.

இதையெல்லாம் ஊர் ஒத்துக்கொள்கிறது. கலியாண வீடுகளில் என்னை முன்வரிசையில் இருத்துகிறார்கள். ஆனால் நான் செய்த ஒரு காரியம் எந்த மேடையிலும் சொல்லப்படவில்லை. அதைச் சொல்வதென்றால் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பெயரை எழுத மாட்டேன். அவருக்கு அது பிடிக்காது.

எல் சால்வடோர்க்காரி அவர். பன்னிரண்டு வருஷம் இருக்கும். ஒரு நவம்பர் காலை, விடிந்தும் விடியாத நேரம், எங்கள் வேலைக்காரர் கூடுகிற கராஜுக்கு முன்னால் மழைக்குள் வந்து நின்றார். குடை இல்லை. ஆனால் குடை தேவையில்லாதவர் போல நின்றார். தலைமயிரை இறுக்கிப் பின்னி, சப்பாத்தைத் துடைத்து, ஏதோ வைபவத்துக்கு வந்தவர் மாதிரி. வந்த கதையை நான் கேட்கவில்லை, அவர் சொல்லவுமில்லை. கையுறை இருக்கிறதா என்று ஜெர்மனில் கேட்டேன். தலையாட்டினார். பிறகு பார்த்தால் வெறுங்கையோடு வாளிக்குள் கை விட்டுக்கொண்டு நிற்கிறார்.

அந்தக் குழுவில் மற்ற நாலு பேரும் எங்கள் பெண்கள். நாள் முழுக்கத் தமிழ்தான். ஒரு மாதத்துக்குள் அவர் எங்களிடமிருந்து ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார். இருக்கு. சோப் இருக்கா என்று கேட்டால், இருக்கு. சாப்பாடு இருக்கா, இருக்கு. சுகமாக இருக்கிறீரா, அதற்கும் இருக்கு. இல்லை என்ற சொல்லை அவர் தமிழிலும் கற்கவில்லை, ஜெர்மனிலும் அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. எங்கள் பெண்கள் அவருக்கு 'இருக்கு அக்கா' என்று பேர் வைத்துவிட்டார்கள். வயதில் எனக்கு இளையவர்தான். நானும் அக்கா என்றே கூப்பிட்டேன். அவர் என்னை 'ஷெஃப்' என்பார். இங்கே முதலாளியை அப்படித்தான் சொல்வார்கள். எங்கள் பேச்செல்லாம் உடைந்த ஜெர்மனில்தான். இரண்டு நொண்டிகள் தோளைப் பிடித்து நடப்பது போல ஒரு பேச்சு. இங்கே நான் அதைத் தமிழாக்கித் தருகிறேன்.

பத்து மணி இடைவேளையில் எல்லோரும் சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்பார்கள். புட்டும் சம்பலும் கைமாறும். இருக்கு அக்கா தன் பெட்டியைச் சற்றுத் திரும்பி இருந்து திறப்பார். மூடி எங்கள் பக்கம், பெட்டி அவர் பக்கம். கரண்டி பெட்டியில் படுகிற சத்தம் கேட்கும். மன்னார்க்காரி ஒருத்தி எங்கள் குழுவில் இருந்தாள், பகிடிக்காரி. ஒரு நாள் சீண்டிப் பார்த்தாள்.

"உங்கட பெட்டிக்குள்ள என்ன அக்கா, தங்கமோ? ஒருத்தருக்கும் காட்டுறியள் இல்லை."

அவருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் விளங்கிவிட்டது. அடுத்த நாள் ஒரு பெரிய கூடையோடு வந்தார். சோள மாவைக் கையால் தட்டி, உள்ளே அவரைப் பருப்பும் பாற்கட்டியும் வைத்துச் சுட்ட தடித்த ரொட்டிகள். எல்லோருக்கும் இரண்டு. எனக்கு மூன்று. எங்கள் ஐந்து பேரையும் தின்ன வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டு நின்றார். நீங்கள் சாப்பிடவில்லையா என்று கேட்டேன். வயிற்றைத் தொட்டுக் காட்டினார். இருக்கு.

மன்னார்க்காரி அதற்குப் பிறகு அவரைச் சீண்டவில்லை.

எங்கள் ஊரில் தொங்கு ரயில் இருக்கிறது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தண்டவாளம் மேலே, பெட்டி கீழே, வுப்பர் ஆற்றுக்கு மேலால் வௌவால் மாதிரித் தொங்கிக்கொண்டு போகும். சில இடங்களில் தெருவோரத்து மாடிகளின் ஜன்னலுக்கு நேராகப் போகும். வேலை முடிந்து திரும்புகிறபோது, மாரிகாலத்தில் நாலு மணிக்கே வெளிச்சம் போட்டுவிடுவார்கள். ஒவ்வொரு ஜன்னலும் ஒரு சின்ன நாடக மேடை போல வந்து வந்து போகும். ஒரு மேசை விளக்கு, பூனை, பியானோ, துணி மடிக்கிற ஒரு கிழவர். கண்ணாடியில் மழை வழியும். பெட்டி மெதுவாக ஊஞ்சல் போல ஆடும். பகல் முழுக்கக் குனிந்து நிமிர்ந்த உடம்புக்கு அது தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை.

இருக்கு அக்கா ஒவ்வொரு நாளும் ஒரு ஜன்னலைத் தெரிந்தெடுப்பார். கண்ணாடியில் விரலை வைத்து, "அது" என்பார்.

"இண்டைக்கு அதோ உங்கட வீடு?" என்று கேட்பேன்.

"அது மகளுடைய அறை," என்பார். "மேசை ஜன்னலோரம். படிக்கிற மேசை."

அடுத்த நாள் வேறு ஜன்னல். பச்சைத் திரை. மகளுக்குப் பச்சை பிடிக்கும். மகள் அங்கே சான் சால்வடோரில் தாயின் தங்கையோடு இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்று தொலைபேசியில் அவளோடு கதைப்பார். எனக்கு ஸ்பானிய மொழி தெரியாது. ஆனால் கையைப் பார்த்தால் தெரியும். கை காற்றில் திரை போட்டது, மேசை வைத்தது, விளக்குக் கொளுத்தியது. பொய் சொல்கிறார் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். இன்னும் வந்து சேராததை அவர் முதலே சொல்லிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

மகளுக்காகவே அவர் ஒன்றரை அறை வீடு ஒன்றை எடுத்திருந்தார். பிள்ளையைக் கூப்பிடுவதென்றால் இங்கே விசா கொடுக்கிற வெளிநாட்டார் கந்தோர் முதலில் கேட்பது இடம் இருக்கிறதா என்றுதான். அந்த வீட்டுக்கு நான் ஹவுஸ்மைஸ்டர். அதாவது படி துடைப்பது, குப்பை வைப்பது, நிலவறைச் சாவி வைத்திருப்பது எல்லாம் என் கம்பனி. வீடென்றால் ஒன்றல்ல, இரண்டு. தெருவைப் பார்த்து ஒரு முன்வீடு. நடுவில் முற்றம். அதற்குப் பின்னால் வெயில் படாத ஒரு பின்வீடு. முன்வீட்டில் ஆறு அர்ஜென்டினாக் குடும்பங்கள். பின்வீட்டில் நாலு சால்வடோர்க் குடும்பங்கள், அவர்களில் ஒருவர் இருக்கு அக்கா. ஒரு மொழி, ஒரு கோயில், ஒரு முற்றம்.

யார் நல்லாயிருக்கிறார்கள், யார் இல்லை என்று அறிய ஆராய்ச்சிக்காரர் கேள்வி கேட்கிறார்கள். படி துடைக்கிறவன் கேட்காமலே அறிவான். முன்வீட்டுக்காரர் பாட்டன் இத்தாலியில் பிறந்த புண்ணியத்தில் இத்தாலியக் கடவுச்சீட்டோடு வந்தவர்கள். விமான நிலையத்தில் ஒருவரும் நிறுத்தவில்லை. பட்டம் படித்தவர்கள். வெள்ளிக்கிழமை வைன் போத்தல், பூட்டுப் போட்ட சைக்கிள், ஹீற்றரைப் போட்டுவிட்டு ஜன்னலையும் திறந்து வைக்கிற பழக்கம். பின்வீட்டில் ஒரு மணிப்பொத்தானுக்கு மூன்று பேர். ஹீற்றர் குளிர்ந்து கிடக்கும். ஈர உடுப்பு மாடிப்படியில் காயும், நான் கண்டும் காணாமல் போவேன்.

ஆனால் பூசை முடிந்து வாசலில் நின்று பார்த்தால் தலைகீழாகத் தெரியும். அர்ஜென்டினாக்காரர் ஒவ்வொருவரும் ஒரு துன்பக் கதை சொல்வார்கள். என்ன வாடகை, என்ன வரி, என்ன நாடு இது. முன்வீட்டில் கட்டிட வரைபடம் கீறுகிற ஒருவர் இருந்தார். வாரத்துக்கு மூன்று நாள் வேலை, கெட்டிக்காரர், கதைக்காரர். "நாங்கள் பிறக்கும்போதே நெருக்கடி ஷெஃப், தொட்டிலையும் அடகு வைத்துத்தான் வளர்த்தார்கள்" என்று சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். சால்வடோர்க்காரரிடம் சுகம் கேட்டால், நல்லாயிருக்கிறோம், கடவுளுக்கு நன்றி. அவ்வளவுதான். மேலே ஒரு சொல் வராது.

இப்படியிருக்க, ஒரு மாசி மாதம் இரண்டு வீட்டுக் கதவிலும் ஒரே கடிதம் ஒட்டியிருந்தது. வரப்போகிறார்களாம், பார்க்கப்போகிறார்களாம். முன்வீட்டுக்காரரும் பின்வீட்டுக்காரரும் கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டு என்னிடம்தான் வந்தார்கள். முப்பது வருஷம் இந்த நாட்டில் இருப்பவன், கந்தோர்களை வென்றவன் என்று எனக்கு ஒரு பேர். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். வீடு என்று ஒரு சொல் தெரிந்தது. வருமானம், தளபாடம் தெரிந்தது. மிச்சம் நீளமான சொற்கள், ரயில் பெட்டி மாதிரி ஒன்றோடொன்று கொழுவினவை. அதற்குமேல் எனக்குத் தேவைப்படவில்லை.

ஏனென்றால் இந்த நாட்டுக் கடிதங்கள் இரண்டே வகை என்பது என் அனுபவம். உன்னிடம் இருக்கிறதா என்று கேட்கிறவை ஒரு வகை, வெளிநாட்டார் கந்தோர் அனுப்புவது. உன்னிடம் உண்மையாகவே இல்லையா என்று கேட்கிறவை மறு வகை, உதவிக் காசு கொடுக்கிற கந்தோர் அனுப்புவது. முதலாவதுக்கு வீட்டை நிரப்ப வேண்டும். இரண்டாவதுக்கு வெறுமையாக்க வேண்டும். நாங்கள் அகதி விடுதியில் இருந்த காலத்தில் ஒரு டிவிப் பெட்டி இருந்தது. எந்தக் கந்தோர் ஆள் வருகிறார் என்பதைப் பொறுத்து அது அறைக்கு அறை நடந்து திரிந்தது. அந்த டிவியில் படம் பார்த்ததை விட அதைத் தூக்கினதுதான் கூட.

ஆகவே யோசித்தேன். முன்வீட்டுக்காரரிடம் ஐரோப்பியக் கடவுச்சீட்டு இருக்கிறது. அவர்களிடம் வெளிநாட்டார் கந்தோர் ஏன் வருகிறது? இரண்டு மூன்று குடும்பம் வாடகை உதவிக்கு விண்ணப்பம் போட்டிருந்தது. எனவே அவர்களுக்கு இது இரண்டாவது வகை. பின்வீட்டுக்காரர் எல்லோருக்கும் விசா. இருக்கு அக்காவின் மகளுக்கு விண்ணப்பம் வேறு தயாராகிக்கொண்டிருந்தது. அவர்களுக்கு இது முதலாவது வகை. ஒரே கடிதத்துக்கு முற்றத்தின் இரண்டு பக்கமும் இரண்டு விளக்கம் சொன்னவன் நான். இருவரும் நம்பினார்கள். ஏன் நம்பமாட்டார்கள், நான் சொன்னால்?

அந்தச் சனிக்கிழமை என் வாழ்க்கையிலேயே பெரிய வேலை நாள். முன்வீட்டுக்காரர் நல்ல பொருட்களை நிலவறைக்கு இறக்கத் தொடங்கினார்கள். காப்பி மெஷின், கம்பளம், கால் நீண்ட விளக்கு. நிலவறை ஈரம் என்று வரைபடக்காரரின் மனைவி அழாக்குறை. அவர்களிடம் மூன்று பேர் இருக்கக்கூடிய ஒரு தோல் செற்றி, தவிட்டு நிறம், புத்தம் புதிது. எனக்கு உடனே வழி தெரிந்தது. நிலவறைக்கு ஏன்? முற்றத்துக்கு அங்கால் மூன்றாம் மாடியில் இடம் இருக்கிறதே.

வரைபடக்காரர் ஒரு முனை, நான் மறுமுனை. முற்றத்தின் நடுவில் மூச்சு வாங்க இறக்கிவிட்டு, நனைந்துகொண்டே அதில் இருவரும் இருந்தோம். அவர் சொன்னார்: "என் தகப்பன் வாழ்நாள் முழுக்க எதிர்பார்த்த பொதுவுடைமை கடைசியில் வந்துவிட்டது, ஷெஃப். என் செற்றியோடுதான் தொடங்கியிருக்கிறது."

மாடிப்படி ஒடுக்கம். திருப்பத்தில் செற்றியை நிமிர்த்தித் தூக்க வேண்டியிருந்தது. இருக்கு அக்கா கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே கொண்டுபோய் வைத்தோம். வைப்பதற்கு எதையும் நகர்த்த வேண்டியிருக்கவில்லை. இதற்குமேல் அந்த அறையைப் பற்றி நான் எழுத மாட்டேன். வரைபடக்காரர் ஒரு பகிடி சொல்ல வாயைத் திறந்தார், அறையைப் பார்த்தார், வாயை மூடினார். பிறகு கீழே போய், காப்பி மெஷினையும் விளக்கையும் அவரே தூக்கிக்கொண்டு வந்தார்.

திங்கட்கிழமை வந்தது கந்தோர் ஆள் இல்லை. மழைக் கோட்டுப் போட்ட ஒரு பெண், முப்பது வயதிருக்கும், கையில் ஒரு டாப்லெட். முற்றத்தில் நான் தொலைபேசியில் மன்னார்க்காரியை ஏசிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

"அங்கிள், நீங்க தமிழா?"

மதுரைப் பக்கத்துப் பிள்ளை. ஹனோவரில் ஆராய்ச்சி செய்கிறாளாம். ஸ்பெயினில் படித்தவள், அவர்களின் மொழி தண்ணீர் மாதிரி. அர்ஜென்டினாவிலிருந்து வந்தவர்களும் எல் சால்வடோரிலிருந்து வந்தவர்களும் ஜெர்மனியில் எப்படி வாழ்கிறார்கள், யார் வசதியாக இருக்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்கிற ஆராய்ச்சி. நாலைந்து நகரத்தில் செய்கிறார்கள். ஒரே முற்றத்தில் இரண்டு கூட்டமும் இருக்கிற எங்கள் வீடு கிடைத்தது பெரிய அதிர்ஷ்டமாம். கடிதத்தில் எல்லாம் விளக்கமாக எழுதியிருக்கிறோமே அங்கிள், படிச்சிருப்பீங்களே என்றாள்.

ஓம், படித்தேன் என்றேன்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். செற்றி மூன்றாம் மாடியில் இருந்தது. கம்பளம் பின்வீட்டின் மற்ற மூன்று வீடுகளிலும் மாறி மாறி விரியக் காத்திருந்தது. படித்த பிள்ளைக்கு முன்னால், எனக்கு ஜெர்மன் வாசிக்கத் தெரியாது என்று சொல்ல நாக்கு எழும்பவில்லை. தெரியாது என்ற சொல் எனக்குப் பழக்கமில்லாத சொல்.

கேள்விகளைப் பிறகு அறிந்துகொண்டேன். குளிருக்கு வீட்டைச் சூடாக்க முடிகிறதா? வருஷத்தில் ஒரு கிழமை விடுமுறை போக முடிகிறதா? திடீரென்று ஒரு செலவு வந்தால் சமாளிக்க முடியுமா? முன்வீட்டில் எல்லோரும் எல்லாவற்றுக்கும் இல்லை என்றார்கள். உருக்கமாகச் சொன்னார்கள், அவர்களுக்கு அது கை வந்த கலை. பின்வீட்டில் எல்லோரும் எல்லாவற்றுக்கும் ஓம் என்றார்கள். இருக்கு அக்கா அந்தப் பிள்ளையைத் தோல் செற்றியில் இருத்தி, காப்பி மெஷினில் காப்பி போட்டுக் கொடுத்தாராம்.

அன்று பின்னேரம் செற்றியைத் திரும்ப எடுக்கப் போனேன். கதவு சாத்தாமல் இருந்தது. அவர் செற்றியின் ஒரு ஓரத்தில், விளிம்பிலே, ஆசுபத்திரிக் கதிரையில் இருப்பவர் மாதிரி இருந்தார். தொலைபேசியை நீட்டிப் பிடித்து அறையைக் காட்டிக்கொண்டிருந்தார். அங்கிருந்து ஒரு இளம் குரல் ஏதோ கேட்டது. இவர் சிரித்தார். விளக்கு எரிந்தது. முற்றத்துக்கு அங்கால், தெருவுக்கு அங்கால், தொங்கு ரயில் போகிற இரைச்சல் வந்து அடங்கியது. அறை முழுக்கத் தேன் நிறம். ரயிலிலிருந்து தெரிந்திருந்தால் யாராவது அந்த ஜன்னலைப் பார்த்து விரலை வைத்து, அது என்று சொல்லியிருப்பார்கள். நான் சத்தம் போடாமல் இறங்கிவிட்டேன். அடுத்த நாள்தான் எடுத்தேன்.

நாலு மாதம் கழித்து அந்தப் பிள்ளை தொலைபேசியில் கூப்பிட்டாள். நன்றி அங்கிள் என்றாள். சந்தோஷமாக இருந்தாள்.

"ரொம்ப சர்ப்ரைஸிங்கான ரிசல்ட் அங்கிள். எல்லாரும் அர்ஜென்டினாக்காரங்கதான் வசதின்னு நினைக்கிறாங்க. வுப்பர்டால்ல அப்படியே உல்டா. சால்வடோர்க்காரங்க நல்லா செட்டில் ஆகியிருக்காங்க."

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. முதல் அறிக்கை நகரசபைக்குப் போய்விட்டதாம், பிறகு புத்தகமாகவும் வருமாம். எங்கள் பகுதிக் கோயில் மண்டபத்தில் செவ்வாயும் வியாழனும் ஒரு ஸ்பானியப் பெண்மணி இருந்து, ஆட்களுக்குப் பத்திரம் நிரப்பிக் கொடுப்பார். நகரசபைதான் சம்பளம் கொடுத்தது. சால்வடோர்க்காரருக்கு அது இனித் தேவைப்படாது, அந்த உதவியை முன்வீட்டுக்காரர் மாதிரி ஆட்களின் பட்டங்களை அங்கீகரிக்கிற வேலைக்குத் திருப்பலாம் என்று யோசிக்கிறார்களாம்.

இருக்கு அக்காவின் மகளுக்குப் பதினாறு வயது முடிவதற்குள் அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், உள்ளே போக வேண்டும். பதினாறு முடிந்துவிட்டால் வேறு சட்டம். பிறகு அவளைக் கூப்பிடுவது கனவு. அங்கே தகப்பன் எங்கேயென்று தெரியாது. அவர் கையெழுத்துக்குப் பதிலாக நீதிமன்றத்துக் கடிதம் வேண்டும். அங்கத்தைய வக்கீலோடு கதைத்து அதை எடுத்துக்கொண்டிருந்தது அந்த ஸ்பானியப் பெண்மணிதான். அவர் இல்லாவிட்டால் அது எங்களால் ஏலாது. பிறந்தநாளுக்கு இன்னும் எட்டுக் கிழமை.

அன்றே போனேன். அவர் முன்வீட்டு வாசல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். அந்தப் பிள்ளையிடம் போவோம், செற்றி என்னுடையது இல்லை, அறை இப்படித்தான் இருக்கிறது என்று சொல்லுங்கோ, சரியாகிவிடும் என்றேன்.

துடைக்கிறதை நிற்பாட்டவில்லை.

"இல்லை என்று எழுதுவார்களா?" என்று கேட்டார்.

"ஓம் அக்கா. எழுதினால்தானே சரிவரும்."

"புத்தகத்தில்?"

"புத்தகத்தில்தான்."

"முன்வீட்டுக்காரர் இல்லை என்று சொல்லலாம், ஷெஃப். சொல்லிவிட்டு உள்ளே போனால் அவர்களுக்கு வீடு இருக்கும். நான் சொன்னால் அது மட்டும்தான் இருக்கும்." துணியைப் பிழிந்தார். "மகள் ஒரு நாள் படிப்பாள். நான் சொல்ல மாட்டேன்."

"மகள் வராமல் போனால்?"

கண்ணாடியில் அவர் முகம் மங்கலாகத் தெரிந்தது. சோப் நுரை வழிந்து அதை அழித்தது. அவர் திரும்பவும் மேலிருந்து துடைக்கத் தொடங்கினார்.

நான் ஹனோவருக்கு ரயில் ஏறினேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. வழி முழுக்க மழைமூட்டம். வயல்கள் நடுவில் ஒற்றை மரங்கள் மிதந்தன. என்ன சொல்வது என்று யோசித்து யோசித்து, கடைசியில் நான் அந்த அறைக்குள் போன நேரம் யோசித்த ஒன்றும் வாயில் இல்லை. புத்தகத் தட்டு கூரை வரை. அந்தப் பிள்ளை கடதாசிக் கோப்பையில் தேத்தண்ணி தந்தாள். செற்றியிலிருந்து தொடங்கினேன். கம்பளம், விளக்கு, காப்பி மெஷின் எல்லாம் ஒன்றும் விடாமல் சொன்னேன். இரண்டு வீட்டுக்கும் இரண்டு விளக்கம் கொடுத்ததைச் சொன்னேன். அவள் முகம் வெளிறிக்கொண்டே போனது.

"அங்கிள், ரெண்டு வருஷ வேலை இது. ஏன் அன்னிக்கே சொல்லல?"

"எனக்கு அந்தக் கடிதத்தை வாசிக்கத் தெரியேல்லை, பிள்ளை. உமக்குச் சொல்ல வெக்கமாயிருந்தது."

இந்த நாட்டுக்கு வந்து அன்றுதான் முதல் தடவை அதைச் சொன்னேன். மனைவிக்கும் சொன்னதில்லை.

அவள் தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தாள். பிறகு டாப்லெட்டை எடுத்தாள். நல்ல பிள்ளை. குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "அப்போ அவங்க வீட்ல உண்மையா என்ன இருந்துச்சு?"

"அதை நான் சொல்லேலாது. அது அவவின்ர."

"எனக்கு டேட்டா வேணும் அங்கிள்."

"நான் செய்ததை எழுதும். எத்தினை பக்கம் வேணுமெண்டாலும் எழுதும். அந்த அறையை விடும்."

அவள் என்னையே பார்த்தாள். அப்படியானால் அந்த வீட்டையே முழுக்க எடுத்துவிட வேண்டியதுதான் என்றாள். முன்னும் பின்னும், பத்துக் குடும்பமும். எடுத்தாள். எடுத்த பிறகு மற்ற நகரங்களின் பதில்கள் மட்டும் நின்றன. அவற்றின்படி சால்வடோர்க்காரருக்குத்தான் உதவி கூடத் தேவை. நகரசபைக்குத் திருத்திய அறிக்கை போனது. ஸ்பானியப் பெண்மணி செவ்வாயும் வியாழனும் இருந்த கதிரையில் தொடர்ந்து இருந்தார். நீதிமன்றக் கடிதம் வந்தது. பிறந்தநாளுக்கு ஒன்பது நாள் இருக்க அன்ட்ராக் உள்ளே போனது.

இருக்கு அக்கா ஒரு நாள் கராஜில் எல்லோரும் போகும்வரை நின்றார்.

"ஷெஃப், ஹனோவரில் என்ன சொன்னீர்கள்?"

"என்னைப் பற்றித்தான் சொன்னனான். உங்களைப் பற்றி ஒண்டும் இல்லை."

"என்ன, உங்களைப் பற்றி?"

சொன்னேன். வாசிக்கத் தெரியாததைச் சொன்னேன்.

"வெட்கமாக இருந்ததா?"

"ஓம்."

"எனக்கும்," என்றார்.

அவ்வளவுதான். பிறகு வாளியை எடுத்து அதன் இடத்தில் வைத்துவிட்டுப் போனார்.

மகள் அடுத்த பங்குனியில் வந்தாள். விமான நிலையத்துக்கு என் வான்தான் போனது. தாயை விட உயரம். வழி முழுக்க ஒருவர் கையை ஒருவர் பிடித்திருந்தார்கள். ஆற்றுப் பக்கம் வந்ததும் தொங்கு ரயில் தலைக்கு மேலால் போனது. பிள்ளை குனிந்து, வான் கண்ணாடியால் மேலே பார்த்தபடியே வந்தாள். வாசலில் வரைபடக்காரர் நின்றார். பெட்டியைத் தூக்கியவர் அவர். மேலே வேறு என்னென்ன தூக்கினார் என்பதை அவர் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு வருஷத்தின் பிறகு தாயும் மகளும் தெற்கே ஏரிப் பக்கம் போய்விட்டார்கள். மகளுக்கு அங்கே பல் வைத்தியத் தொழில்கூடத்தில் பயிற்சி கிடைத்தது. முதல் வருஷம் நத்தாருக்கு ஒரு கிறிஸ்மஸ் அட்டை வந்தது. பிறகு இல்லை. மழைக்காலத்தில் தொங்கு ரயிலில் போகிறபோது ஜன்னல்கள் வந்து வந்து போகும். ஏதாவது ஒன்றில் ஒரு பச்சைத் திரை அசையும். யாருடைய அறையோ.

ஆராய்ச்சி புத்தகமாக வந்தது. அந்தப் பிள்ளை எனக்கும் ஒன்று அனுப்பினாள். தமிழ்ப் பள்ளிக்கூடத்து ஆசிரியர் ஒருவரை இருத்தி, நன்றி சொல்கிற பக்கத்தை ஒரு சொல் விடாமல் வாசிப்பித்தேன். பேராசிரியருக்கு நன்றி. உதவித்தொகை தந்தவர்களுக்கு நன்றி. அம்மாவுக்கு, கணவருக்கு, ஒரு பூனைக்கும் நன்றி. உள்ளே எங்கோ, மிகச் சின்ன எழுத்தில், ஒரு அடிக்குறிப்பு. ஒரு நகரத்தில் ஒரு வீட்டிலிருந்து பெற்ற பதில்கள் ஒழுங்கீனம் காரணமாக நீக்கப்பட்டன.

பிள்ளை, இதை நீ வாசிப்பாய் என்று தெரியும். அந்த அறையை எழுதாமல் விட்டதற்கு உனக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவன். ஆனால் நியாயம் நியாயம்தான். ஒரு தோல் செற்றியை மூன்றாம் மாடிக்கு ஏற்றி இறக்கியவன் நான். பத்துக் குடும்பத்தை உன் புத்தகத்துக்குள் பிழையாகப் புகுத்தியவனும் நான்தான், ரயிலேறி வந்து வெளியே எடுத்தவனும் நான்தான். அப்படி எடுத்ததால் ஒரு பிள்ளை தாயிடம் வந்து சேர்ந்தாள். அது உன் அட்டவணை ஒன்றிலும் இல்லை. அடுத்த பதிப்புப் போடுகிறபோது அந்த அடிக்குறிப்பைத் திருத்து. ஒழுங்கீனம் என்று மொட்டையாக எழுதாதே. அதைச் செய்தவனுக்கு ஒரு பெயர் உண்டு. ஜெர்மன் எழுத்தில், ஒரு பிழையும் இல்லாமல், என் கையாலேயே எழுதி அனுப்பியிருக்கிறேன். அதைப் பார்த்துப் போடு.